மூன்றாவது வாசலில் அப்பா

போன வருஷம் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, “எழுந்து நடந்துவிட்டால் பத்மநாபன் திருவடியில் கொண்டுவந்து நிறுத்துகிறேன்” என்று நேர்ந்துகொண்டாள். அந்த நேர்ச்சைக்காகத்தான் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு நாகர்கோவிலில் விடியற்காலை ரயில் ஏறினோம்.

அப்பா தக்கலைக்காரர். 1956 வரை எங்கள் பக்கமும் திருவிதாங்கூர்தானே. நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ராஜாவின் உடைவாளோடு திருவனந்தபுரம் புறப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர். “அந்த நாட்டுக்குப் பெருமாள்தான் ராஜா மக்களே. அரண்மனையில் இருந்தவரெல்லாம் பத்மநாபதாசன்” என்பார். 1750-ல் மார்த்தாண்ட வர்மா வாளைச் சுவாமி முன்னால் வைத்து நாட்டையே ஒப்படைத்த கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும்.

கிழக்கு நடையில் இறங்கியதுமே ஒருவர் பிடித்துக்கொண்டார். வரிசையில் நிற்காமல் உள்ளே கூட்டிப்போகிறாராம், ஆளுக்கு இவ்வளவு என்று. நோயாளியைக் கண்டால் விலை ஏறுகிறது. அம்மா திரும்பியே பார்க்கவில்லை.

வரிசையில் முன்னும் பின்னும் தங்கத்தைப் பற்றித்தான் பேச்சு. 2011-ல் கோயில் நிலவறைகளைத் திறந்ததிலிருந்து இப்படித்தான் ஆகிவிட்டது. பெருமாளைப் பார்க்க வந்த இடத்தில் பெட்டகத்தைப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டையைக் கழற்றியதும் அப்பா கூச்சப்பட்டார். நெஞ்சு நடுவே அந்த நீளமான தழும்பு. துண்டால் மூடிக்கொண்டே நின்றார். ஒரு மணி நேரம் போயிருக்கும், கால் தள்ளாட ஆரம்பித்தது. துண்டு விலகியதைப் பார்த்த ஒரு மலையாளப் பெரியவர் எதுவும் கேட்கவில்லை. அப்பா கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் விட்டார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

கருவறைக்கு முன்னாலிருக்கும் ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறினோம். எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும். 12,008 சாளக்கிராமங்களால் ஆன, பள்ளிகொண்ட அந்தத் திருமேனி கண்ணுக்குப் பழக ஒரு நிமிஷம் வேண்டும், அந்த நிமிஷத்தை யாரும் தருவதில்லை. முதல் வாசலில் திருமுகம், இரண்டாவதில் நாபிக்கமலம். தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

மூன்றாவது வாசலில் திருவடி.

அப்பாவுக்கு உடம்பு தானாகக் குனிந்தது. அந்தக் கல்லில் விழுந்து வணங்கும் உரிமை ராஜாவுக்கு மட்டும்தான். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர். பாதி குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்து, இரண்டு கையையும் தழும்பின் மேல் குவித்துக்கொண்டு நின்றார். நகரச் சொல்லிக்கொண்டிருந்த காவலாளி, என்ன நினைத்தாரோ, அந்த நேரம் மட்டும் பேசாமல் இருந்தார். அம்மா விசும்புவது கேட்டது. நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியதைத்தான் முன்பே கொடுத்துவிட்டாயே, அப்பனே, பத்மநாபா!

அப்புறம் பிராகாரம் சுற்றியதோ, மற்ற சன்னிதிகளோ எனக்கு வரிசையாக நினைவில்லை. வெளியே வரும்போது அப்பா வாசலில் நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தட்டினார், பிறகு மறு காலை. பெருமாள் சொத்தில் ஒரு மணல்கூட ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்று மகாராஜாக்கள் அப்படித் தட்டிவிட்டுப் போவார்களாம்.

“பங்குனி ஆராட்டுக்கு வரணும் மக்களே” என்றார். சுவாமி நீராடப் போகும் சங்குமுகம் கடற்கரை வரை நடக்க முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, “நடப்பேன்” என்றார்.