அலைன்மெண்டுக்கு முன்னால் ரப்பரைப் பாருங்கள்: மாருதி 800 முன்பக்க வேலை

கேரள எல்லையில் கோட்டைவாசல் தாண்டி தமிழகப் பக்கம் புளியரைக்கு மலை இறங்கும்போது மட்டும் என் மாருதி 800-க்கு ஒரு கோளாறு வரும். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் இடது முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம், கூடவே ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’, வண்டி நேராகிவிடும். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு ஓட்டினால் இதில் எதுவும் தெரியாது. அதனாலேயே இந்தக் கோளாறு நெடுநாள் தப்பித்துக்கொண்டிருந்தது.

வண்டி 2004 மாடல், கொல்லம் பதிவு. புனலூரில் வேலை, புளியரையில் வீடு என்பதால் மலையைத் தாண்டாமல் எனக்குப் பிழைப்பில்லை. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் கனரக லாரிகள் இந்த ரோட்டை என்ன பாடு படுத்துகின்றன என்பது இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். ஆரியங்காவுக்கும் கழுதுருட்டிக்கும் நடுவில் பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்கினால் அடுத்த பள்ளத்தில் விழுவோம். 12 அங்குலச் சக்கரம் வைத்த சின்ன வண்டிக்கு அது பெரிய அடி.

இழுக்கிறது என்று சொன்ன உடனே எல்லாக் கடைகளும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மெண்ட்தான் செய்தன. செய்து சீட்டும் கொடுத்தார்கள். சீட்டில் எண்கள் எல்லாம் பச்சை, ஆனால் மலை இறங்கினால் பழைய கதை. இடது முன் டயரின் உள் விளிம்பு மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. டிரெட் மேல் குறுக்கே கையை ஓட்டினால் ஒரு பக்கம் வழவழப்பு, திரும்பி வந்தால் ரம்பப் பல் மாதிரி குத்தும். டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) சரியில்லை என்பதற்கு டயரே எழுதிக் கொடுத்த சீட்டு அது. மிஷினில் நிற்கும்போது சரியாக இருக்கும் டோ, ஓடும்போது மாறுகிறது என்றால் எங்கோ ஏதோ நகர்கிறது.

இந்த வண்டியின் முன்பக்க அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்பெர்சன் ஸ்ட்ரட், கீழே ஒரு லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் பாடியோடு ஒரே இடத்தில்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதாவது அது தனியாக மேலும் கீழும் ஆடும், முன்னும் பின்னும் போகாமல் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளாது. அந்த வேலையைச் செய்வது ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி சாயாமல் இருக்க மட்டும்தான் அந்தக் கம்பி என்று பலர் நினைக்கிறார்கள். 800-ல் சக்கரத்தை முன்பின் நகராமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். கம்பியின் நுனி லோயர் ஆர்முக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் புஷ், வாஷர், நட் என்று முடிகிறது. அந்த ரப்பர் போனால், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பின்னால் போகும். கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறையும், டோவும் மாறும். இடது பக்கம் மட்டும் போனால் இடது பக்கம் இழுக்கும். பிரேக்கை விட்டால் சக்கரம் திரும்பி வந்து உட்காரும். இரண்டாவது ‘டொக்’ அதுதான். மிஷின் மேல் வண்டி சும்மா நிற்கும்போது இதில் ஒன்றும் தெரியாது.

சரி, ஊகத்தை மட்டும் நம்பி பணம் போட வேண்டாம் என்று முதலில் ஆட்டிப் பார்த்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம். சக்கரத்தின் பேரிங்கா, லோயர் ஆர்மின் நுனியில் இருக்கும் பால் ஜாயிண்டா? மச்சினனை உள்ளே உட்கார வைத்து, “மாப்ளே, பிரேக்கை நல்லா மிதிச்சுக்கோ” என்றேன். பிரேக் பிடித்தால் சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும், பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். எட்டிப் பார்த்து, “அத்தான், இன்னும் ஆடுதே” என்றான். அப்படியென்றால் பால் ஜாயிண்ட். இடம் வலமாக ஆட்டியபோது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டிலும் லூஸ் தெரிந்தது. அப்புறம் ஒரு நீளக் கம்பியை லோயர் ஆர்முக்கும் பாருக்கும் நடுவில் கொடுத்து நெம்பினேன். ஆர்ம் கண்ணுக்குத் தெரியவே முன்னும் பின்னும் போய்வந்தது.

தென்காசியில் ஸ்பேர்ஸ் வாங்கினேன். 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டாலும் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பால் ஜாயிண்ட்டும் புஷ்ஷும் சேர்ந்த முழு லோயர் ஆர்ம் இரண்டு, ஸ்டெபிலைசர் புஷ் செட், பாடியில் பிடிக்கும் கிளாம்ப் ரப்பர், டை ராடு எண்ட் இரண்டு, ஸ்ட்ரட் இரண்டு, அவற்றின் மவுண்ட். புஷ்ஷை மட்டும் வாங்கி லேத் பட்டறையில் பிரஸ் பண்ணிக்கொள்ளலாம், மலிவு. ஆனால் பழைய ஆர்மின் அடியில் துரு தின்று தகடு மெலிந்திருந்தது. அதற்குள் புதுப் புஷ் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்ட்ரட்டில் இடது மட்டும்தான் எண்ணெய் கசிந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக வேலை செய்யும் என்பதால் ஜோடியாகவே மாற்றினேன்.

பிரிக்கிற வேலையில் நேரத்தைத் தின்றது ஒரே ஒரு போல்ட். பால் ஜாயிண்டின் தண்டு நக்கிளுக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். தண்டில் இருக்கும் பள்ளத்தில் அது உட்கார்ந்திருப்பதால், லூஸ் செய்தால் மட்டும் போதாது, முழுதாக உருவ வேண்டும். இங்கே ஜூனில் தொடங்கினால் சாரல் ஓயாது. அந்த ஈரம் எல்லாம் இந்த போல்ட்டில்தான் குடியிருந்தது. ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊற வைத்தேன். காலையில் ஒரேயடியாகத் திருகாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை, அப்புறம் கழற்றும் பக்கம் ஒரு இழை என்று மாற்றி மாற்றித் திருகியதில், காய்ந்த கதவுக் கீல் சத்தத்தோடு அசைந்தது. வந்த போல்ட்டின் நடுப்பகுதி அரித்து இடுப்பு விழுந்திருந்தது. இதைத் திரும்பப் போடாதீர்கள். புது போல்ட்டின் விலை ஒரு டீயும் வடையும்தான்.

டை ராடு எண்டைக் கழற்ற, நட்டை எடுத்தபின் இழை மேல் சுத்தியால் அடிப்பவர்கள் உண்டு. அடிக்க வேண்டியது இழையில் இல்லை, அது நுழைந்திருக்கும் நக்கிள் கையின் பக்கவாட்டில். பலமாக ஒன்று விழுந்தால் கூம்பாக இறுகியிருக்கும் தண்டு (டேப்பர்) தானே விட்டுவிடும். பழையதைத் திருகி எடுக்கும்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டு, புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால், கடை வரை ஓட்டிப்போகிற அளவுக்கு டோ கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

ஸ்டெபிலைசர் பாரைக் கழற்ற இரண்டு பக்கமும் சமமாகத் தூக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், நட் விட்டதும் அடிக்கும். இடது புஷ் வெளியே வந்ததும் சந்தேகம் எல்லாம் தீர்ந்தது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. ரப்பர் பாதிக்குமேல் கிழிந்து, விரலால் அமுக்கினால் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. வாஷர் நேரடியாகக் கம்பியில் உரசி, கம்பியில் பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருந்தது. இந்த உலோக உரசல்தான் அத்தனை நாள் எனக்குக் கேட்ட சத்தம்.

ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யவில்லை. ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டிக்கொண்டு மேல் நட்டைக் கழற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அமுங்கி நிற்கும் ஸ்பிரிங் விட்டால் பல்லும் போகும், கண்ணும் போகும். ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்றி, ஒழுங்கான கம்ப்ரஸர் இருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் கழற்றும் முன்பே மார்க்கரால் கோடு போட்டிருந்தேன். போல்ட் ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளியிலேயே கேம்பர் (சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) கொஞ்சம் நகர்ந்துவிடும்.

பூட்டும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்ம் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டையும் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியே இருக்கும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளும், சீக்கிரமே கிழியும். அதனால் எல்லாவற்றையும் கைப்பிடியாகப் பூட்டி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் தடித்த பலகை அடுக்கி, வண்டியை அதன் மேல் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அடியில் படுத்து இறுக்கினேன். சேறும் முதுகுவலியும் இலவசம்.

கடைக்குப் போகும் முன் நூல் பிடித்தும் பார்த்தேன். ஒரே நீளமுள்ள இரண்டு பி.வி.சி. குழாயை வண்டிக்கு முன்னும் பின்னும் குறுக்கே வைத்து, இரு பக்கமும் நூல் கட்டினால் இரண்டு நூலும் இணையாக இருக்கும். முன் டிராக்கும் பின் டிராக்கும் ஒரே அளவில்லை என்பதால் சக்கரத்தில் உரசி நூல் பிடிக்கக் கூடாது. ஹப்பின் மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் சமமாக வரும்வரை குழாயை நகர்த்த வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, முன் ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூல்வரை ஸ்கேல் வைத்து அளக்கலாம். விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 33 செ.மீ. இருக்கும் ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் என்பது சுமார் 10 மினிட். பாகைக்கு 60 மினிட் என்பதால் கண்ணும் கையும் பொறுமையாக இருந்தால் போதுமான நுட்பம்தான்.

புனலூரில் அலைன்மெண்ட் கடைச் சேட்டன் முதலில் காற்றைச் சரிசெய்தார். அப்புறம் அடியில் குனிந்து ஒவ்வொரு ஜாயிண்டையும் தானே ஆட்டிப் பார்த்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் இனியும் போவேன். கேம்பரும் கேஸ்டரும் இந்த வண்டியில் திருகி மாற்றுகிற விஷயமில்லை, “டோ மாத்ரமே உள்ளூ” என்றார். இரண்டு டை ராடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஸ்டியரிங் நேராக நிற்க டோவைக் கொண்டுவந்தார். என் நூல் கணக்குக்கும் மிஷினுக்கும் பெரிய சண்டை இல்லை.

இப்போது பிரேக் மிதித்தால் வண்டி நேராக நிற்கிறது, சத்தம் இல்லை. கையை விட்டால் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குகிறது, ஆனால் அது ரோட்டின் சரிவு. தண்ணீர் வடிய ஓரம் தாழ்த்திப் போட்ட ரோட்டில் இடது ஓரத்தில் போகும் எந்த வண்டியும் கொஞ்சம் அப்படிப் போகும். சமதளமான மைதானத்தில் விட்டுப் பார்த்தேன், நேராகவே போனது.

தேய்ந்த இடது டயரைப் பின்னால் போட்டிருக்கிறேன். அடியில் படுத்திருந்தபோது வலது டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையில் (பூட்) வெடிப்பு விடுவதும் தெரிந்தது. கிரீஸ் தெறிக்கத் தொடங்கவில்லை. சாரல் தொடங்கும் முன் அதைப் பிரிக்க வேண்டும். பூட் கிட் வாங்கியாயிற்று, மச்சினனுக்கு லீவு கிடைக்க வேண்டும்.