ஒட்டாத செல்கள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் செல் வளர்க்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் எனக்கு ஒரு செல்லும் தட்டில் ஒட்டவில்லை. எம்டிசிகே என்ற நாய்ச் சிறுநீரகச் செல். தட்டிலிருந்து பெயர்த்து எடுப்பதுதான் கஷ்டம் என்று பேர் வாங்கியது. எனக்கோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாயசத்து ஜவ்வரிசி மாதிரி உருண்டு, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக மிதந்தது.

செல்லுக்கு ஊட்டுகிற சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்) சந்தேகப்பட்டேன், அப்புறம் கரண்ட் கட் ஆவதை. இன்குபேட்டரில் 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, எல்லாம் சரியாகவே இருந்தது. சீனியர் டெக்னீஷியன் அண்ணாச்சி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, செல்லா அல்வாவா? சட்டியில ஒட்டாம உருண்டுல்லா வருது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தட்டு வந்த பெட்டியைத் திருப்பினார். பாக்டீரியா வளர்க்கிற தட்டு! விலை குறைவென்று நான்தான் ஆர்டர் போட்டிருந்தேன்.

இரண்டுமே பாலிஸ்டைரீன்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. செல்லுக்கான தட்டில் மட்டும் பரப்பை நீர் பரவும்படி பக்குவப்படுத்தியிருப்பார்கள். அன்றுவரை செல் பிளாஸ்டிக்கைப் பிடிக்கிறது என்றே நினைத்திருந்தேன். சீரத்தில் உள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் மாதிரிப் புரதங்கள் முதலில் அந்தப் பரப்பில் படியும், செல் பிடிப்பது அவற்றைத்தான். உடம்புக்குள் இந்தத் தரையைச் செல்களே சுரந்து பின்னிக்கொள்கின்றன.

பிடிக்கிற கை இன்டெக்ரின். இதுவும் புரதம்தான்; ஆல்ஃபா சங்கிலி ஒன்று, பீட்டா சங்கிலி ஒன்று, ஜோடியாகச் செல்லின் சவ்வைத் துளைத்து நிற்கும். மனிதரில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா இருந்தும் சேருகிற ஜோடி 24 மட்டுமே. அவ்வளவு பெரிய ஃபைப்ரோநெக்டினில் இவற்றில் பல தேடுவது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று வரிசையாக வரும் மூன்றே அமினோ அமிலங்களை. 1984இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாதியும் கண்டது இது. உள்பக்கம் டாலின் என்ற புரதம் இன்டெக்ரினின் வாலைச் செல்லின் உள்சட்டமான ஆக்டின் இழைகளோடு கட்டுகிறது. பிடிப்புக்கு மெக்னீசியம் மாதிரி அயனியும் வேண்டும். செல்லைத் தட்டிலிருந்து பெயர்க்க ஊற்றுகிற, புரதத்தை வெட்டும் டிரிப்சினோடு ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் ஏன் கலந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது: அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பறித்துக்கொள்கிறது. (டிரிப்சினை நேரம் பார்க்காமல் விட்டால் இன்டெக்ரின் என்ற அந்தக் கையையே வெட்டிவிடும். அதையும் செய்திருக்கிறேன்.)

மிதந்தவை ஓரிரு நாளில் செத்தன. விஷமோ தொற்றோ என்று பயந்து கிடந்தேன். செல் வளரும் திரவமான மீடியம் நன்றாகத்தான் இருந்தது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் தரையில் கால் இருக்கிறது என்ற சேதி இன்டெக்ரின் வழியாக உள்ளே போகாவிட்டால் இந்த மாதிரி எபிதீலியச் செல்கள் (உறுப்புகளின் பரப்பை மூடும் செல்கள்) தாமாகவே சாவைத் தொடங்கிவிடும். 1994இல் ஃபிரிஷும் பிரான்சிஸும் இதற்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்த செல்களில் எங்கள் எம்டிசிகேயும் ஒன்று என்று படித்தபோது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காசு கொடுக்காமலே அதே சோதனையை மூன்று வாரம் நடத்தியிருக்கிறேன்.

மீதித் தட்டுகளைத் தூக்கிப் போட அண்ணாச்சி விடவில்லை. இப்போது புதுப் பிள்ளைகள் வந்தால், ஒரு தட்டின் நடுவில் ஃபைப்ரோநெக்டின் ஒரு சொட்டு வைத்துக் காயாமல் ஊறவிட்டு, மற்ற இடத்தைச் செல் பிடிக்காத ஆல்புமின் புரதத்தால் மூடி, சீரம் இல்லாத மீடியத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லை ஊற்றச் சொல்கிறோம். ஒரு மணி நேரம் கழித்து அலசினால் சொட்டு இருந்த வட்டத்துக்குள் மட்டும் செல்கள் காலை நீட்டிப் படுத்திருக்கும்.