கொள்ளிடக்கரை ஈயக் குண்டுகள்: இதுவரை செய்தது

கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடப் படுகையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. கோடை உழவு முடிந்து ஒரு மழை அடித்தால் வெள்ளை பூத்த ஈயக் குண்டுகள் கட்டிக்கு நடுவில் தலை காட்டும். மண்ணைத் தோண்டுவதில்லை, மெட்டல் டிடெக்டரும் இல்லை. உழவு மேலே கொண்டுவந்ததை மட்டும் பொறுக்குகிறேன்.

1782 பிப்ரவரியில் அன்னக்குடியில் ஆங்கிலேயக் கர்னல் பிரைத்வெயிட்டின் படையைத் திப்பு சுல்தான் வளைத்துப் பிடித்தது இந்தப் பக்கம்தான். திப்புவோடு பிரெஞ்சுக்காரர்களும் வந்திருந்தார்கள். அதற்காகக் கிடைத்ததையெல்லாம் அந்தச் சண்டைக் கணக்கில் எழுத மனம் வரவில்லை. 1749இல் ஆங்கிலேயர் தேவிக்கோட்டையைப் பிடித்த காலம் தொட்டு இந்த ஆற்றோரம் எத்தனையோ படை நடந்திருக்கிறது. கொக்கு சுட வந்தவனும் குண்டைத் தவற விட்டிருப்பான்.

முதலில் கழிக்க வேண்டியது வலை ஈயம். ஊடே துளை இருந்தால் அது மீன்காரர் சொத்து. மிச்சத்தை நகைக்கடைத் தராசில் நிறுத்து, வெர்னியரில் அளக்கிறேன். ஆங்கிலேயரின் பிரௌன் பெஸ் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் சுமார் 19 மி.மீ.; குண்டு 17.5 மி.மீ., 32 கிராம் அளவில் இருக்கும். சுடச் சுடக் குழலில் கரி படியும் என்பதால் அந்த இடைவெளி. பிரெஞ்சுக் குண்டு 16 மி.மீ. சொச்சம், 24 முதல் 27 கிராம். அதற்கும் சின்னதாகக் கிடைப்பவை நாட்டுத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, வேட்டை எல்லாம் கலந்த கூட்டம். அவற்றைப் பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை.

பட்டுச் சப்பியதை வெர்னியரில் அளந்து பயனில்லை. எடைதான் பேசும். கிராம் கணக்கின் கனமூலத்தை 5.52ஆல் பெருக்கினால் பழைய விட்டம் மி.மீ.யில் வந்துவிடும். கொழுக்கட்டை மாதிரி ஒரு பக்கம் அமுங்கிய ஒன்று 30.9 கிராம் இருந்தது, கணக்குப்படி 17.3 மி.மீ., ஆங்கிலேயர் அளவு. எதன்மேல் பட்டதோ தெரியாது. இன்னொன்று முழு உருண்டை: அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு சுற்றிலும் ஓடுகிறது, உருக்கிய ஈயம் ஊற்றிய மூக்கை வெட்டிய தட்டையான தழும்பு நகத்துக்குத் தட்டுப்படுகிறது. சுடாத குண்டு. பை கிழிந்ததோ, கை நடுங்கியதோ, எவனோ கீழே போட்டுவிட்டான். எனக்குப் பிடித்தது இதுதான். பல் தடம் உள்ள குண்டும் வரும். வலி தாங்காமல் சிப்பாய் கடித்தது என்று கதை கட்ட ஆசையாக இருக்கும். பெரும்பாலும் பன்றி கடித்ததுதான்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். கூடவே கூடாது, புளிப்பு ஈயத்தை அரிக்கும். அந்த வெள்ளைப் பூச்சுதான் அதற்குத் தோல். தண்ணீர், பழைய மெல்லிய பிரஷ், அவ்வளவே. மரப்பெட்டியும் வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி மெல்ல மெல்லத் தின்றுவிடும். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைச் சீட்டில் எழுதி வைக்கிறேன். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது.

கனத்த இரும்பு உருண்டை தென்பட்டால் நான் தொடமாட்டேன். உள்ளே கூடாக இருந்தால் வெடிமருந்து மிச்சம் இருக்கலாம். போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியல் போட்டு வி.ஏ.ஓ. மூலமாகக் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன். "தங்கம் ஒண்ணும் இல்லையா சார்?" என்றுதான் அவர் கேட்டார்.

ஜிபிஎஸ் எண்களை வரைபடத்தில் புள்ளி வைத்ததில், 16 மி.மீ. குண்டுகள் பெரும்பாலும் பழைய வாய்க்கால் ஓரத்தில் வரிசை கட்டுகின்றன. அந்த வரிசை வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகிறதா என்று பார்க்கணும். அந்த வயல்காரப் பெரியவரிடம் கேட்டேன். "உளுந்து பிடுங்கினதும் வா தம்பி, இப்ப மிதிச்சுத் தொலைக்காதே" என்றார்.