இடுப்பு ஆர்த்ராஸ்கோபியும் சிகரெட்டும்: கடைசி நாளில்தான் சொல்கிறார்கள்

இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் உள்ள லேப்ரம் என்ற குருத்தெலும்பு வளையம் கிழிந்திருக்கிறது, ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) செய்து தைக்க வேண்டும் என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். எம்ஆர்ஐ, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, இன்ஷூரன்ஸின் கேஷ்லெஸ் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அட்மிஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "ஸ்மோக் பண்ணுவீங்களா?"

முதல் நாள் நிரப்பிய படிவத்திலேயே ஆமாம் என்று டிக் அடித்திருந்தேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. "நாலு வாரமாவது நிறுத்தியிருக்கணுமே, யாரும் சொல்லலையா?" என்று அவர் என்னையே கேட்கிறார்! அறுவை தள்ளிப்போனது. வாங்கிய லீவு வீண். துணைக்கு வந்த மாமா முணுமுணுத்துக்கொண்டே ஊருக்குப் பஸ் ஏறினார்.

ஆனால் டாக்டர் சொன்ன காரணம் நியாயம்தான். லேப்ரத்துக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் குறைவு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடாது. எலும்பில் ஆங்கர் (நூலைப் பிடித்துக்கொள்ளும் சின்ன முளை) வைத்துத் தைத்த இடம் ஒட்ட வேண்டுமானால் ரத்த ஓட்டம், ஆக்சிஜன் இந்த இரண்டும்தான் வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் இறங்கிவிடும். நுரையீரல் தேறவும் காயம் ஆறும் சக்தி திரும்பவும் வாரக்கணக்காகும். "முந்தின நாள் விட்டா போதும்" என்று டீக்கடையில் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அடுத்த கூத்து, சிகரெட்டை நிறுத்த உதவும் நிகோடின் சூயிங்கம். 2 மி.கி. கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மென்றேன். மறுபடி போனபோது கோட்டினின் பரிசோதனை எடுத்தார்கள். பாசிட்டிவ். "சார், இன்னும் சிகரெட் குடிக்கிறீங்க" என்று கவுன்டரில் இருந்த பெண் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். உடம்பு நிகோடினை உடைக்கும்போது உண்டாவதுதான் கோட்டினின். அது சிகரெட்டிலிருந்து வந்ததா, கம்மிலிருந்து வந்ததா என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. மூச்சை ஊதிக் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி உண்டா என்று கேட்டேன். மாடியில் நுரையீரல் பிரிவில் சும்மா கிடந்தது. ஊதினேன், புகைக்காதவருக்கு உள்ள அளவுதான் காட்டியது. அந்தச் சீட்டை அதே கவுன்டரில், அதே சத்தத்தோடு வாசித்துக் காட்டினேன். கம் மெல்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே அதைக் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.

இதற்குள் கேஷ்லெஸ் அனுமதி காலாவதி. "15 நாள்தான் சார், புதுசா போடணும்." தேதி தள்ளினால் அன்றைக்கே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் சொல்லிவிடுங்கள், காரணத்தை டாக்டர் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். பாலிசிப் படிவத்தில் ஏஜென்ட் "புகைப்பழக்கம் இல்லை" என்று அடித்துவிட்டிருந்தால் இங்கேதான் மாட்டும். என்னுடையதில் உள்ளபடியே இருந்ததால் தப்பித்தேன்.

அறுவை நன்றாகவே முடிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். ஊன்றுகோலோடு, காலில் முழு எடை வைக்காமல், நாள் முழுக்க ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் கை தானாகச் சட்டைப்பையைத் தேடும். பார்க்க வந்த நண்பன், "ஆபரேஷன்தான் முடிஞ்சுதே மாப்ள, ஒண்ணு போடு" என்று பாக்கெட்டை நீட்டுகிறான். தையல் ஒட்ட ஆரம்பிப்பதே அப்போதுதான்! பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணை அவன் எதிரிலேயே கூப்பிட்டேன். இலவச அழைப்பு, பொறுமையாகப் பேசினார்கள். அவன் பாக்கெட்டை உள்ளே வைத்துக்கொண்டான்.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். சம்மணம் போட பிசியோ இன்னும் விடவில்லை. தேதி தள்ளியதால் பழைய ரத்தப் பரிசோதனை செல்லாது என்று மறுபடி எடுக்க வைத்தார்களே, அந்தப் பணத்தைக் கேட்டு மெயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். "ஃபார்வர்ட் செய்திருக்கிறோம்" என்றுதான் பதில் வருகிறது.