ஏற்கெனவே பழுதானதுக்கு?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒவ்வொரு வெளியீட்டுச் சுற்றிலும் முதல் இரண்டு கிழமைதான் புது வசதி சேர்க்கலாம். ஆர்சி1, அதாவது முதல் சோதனைப் பதிப்பு, வந்த பிறகு பிழை திருத்தம் மட்டும். எங்கள் அலுவலகம் வைத்திருக்கிற கர்னல் கிளையிலும் அதே விதிதான்; கொண்டுவந்தவன் நான். அதனால் கூட வேலை செய்யும் தம்பி அனுப்பிய பேட்சை, அதாவது நிரல் மாற்றத்தை, திருப்பி அனுப்பியபோது எனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

தலைப்பில் 'திருத்தம்' என்று போட்டிருந்தான். உள்ளே பார்த்தால் திருத்தம் பத்துப் பதினைந்து வரிதான். கரண்ட் திடீரென்று நின்றால் ஜேர்னல் (மாற்றங்களைக் கோப்பு முறைமை குறித்துவைக்கும் ஏடு) எழுதும் ஒழுங்கு பிசகிப் பதிவுகள் தொலைந்தன; அதற்கு அது போதும். கீழே மிச்சமெல்லாம் புதுசு: சேமிப்பகத்தை மவுன்ட் பண்ணி இணைக்கும்போது கொடுக்கிற ஒரு தெரிவு, ஜேர்னலில் பின்னுக்குப் போய்த் தொலைந்ததை மீட்க.

"ரெண்டையும் பிரி தம்பி. திருத்தம் இப்ப போகட்டும். மற்றது அடுத்த சுற்றுக்கு."

"திருத்தினா இனிமேல் பழுதாகாது அண்ணை. ஏற்கெனவே பழுதானதுக்கு என்ன செய்யிறது?"

"அதுக்குத்தான் அடுத்த சுற்று."

இந்தப் பதிலில் பிழை பிடிக்க இன்றைக்கும் எனக்கு ஏலாது. ஏழெட்டு ஆர்சி விடுவதே சோதிக்கத்தான். நடுவில் புகுந்ததற்கு அந்தச் சோதனை முழுதாகக் கிடைக்காது. தரவை மீட்க எழுதியதே மிச்சத் தரவையும் தின்றால் யார் பதில் சொல்வது? சரி. ஆனாலும் அவன் கேட்டதற்கு நான் சொன்னது பதில்தானா?

2025 ஜூனில் பிகேஷ்எஃப்எஸ் (bcachefs) என்ற கோப்பு முறைமை பற்றி வந்த சண்டையும் அச்சொட்டாக இதுதான். கர்னல் 6.16 இன் ஆர்சி ஓடும்போது அதை எழுதிய கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் இப்படியொரு மீட்புத் தெரிவை அனுப்பினார். பயனரின் தரவு முக்கியம் என்பது அவர் வாதம். நான் விதியைக் காக்கிற, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பக்கம் நின்று தம்பிக்கு விளக்கினேன்: பிகேஷ்எஃப்எஸ் 2024 ஜனவரியில் 6.7 இல் உள்ளே வந்தது, விதியோடு முட்டி முட்டிக் கடைசியில் 6.18 இல் வெளியே போய்விட்டது, பார்.

பரமேஸ்வராச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது அவன் மெல்லக் கேட்டான்: "ஆனா அந்தத் தெரிவை லினஸ் கர்னலுக்குள்ள எடுத்தவர்தானே அண்ணை?"

எடுத்தவர்தான். எடுத்துக்கொண்டுதான், 6.17 சுற்றில் வழி பிரிவோம் போலிருக்கிறது என்று எழுதினார். அவர் பேட்சை எடுத்துக்கொண்டு ஆளை விட்டார். நான் பேட்சை விட்டு ஆளை வைத்துக்கொண்டேன். எங்கள் அளவு அலுவலகத்தில் வழி பிரிந்தால் அடுத்த மேசைக்குத்தான் போகலாம், அது வேறு விஷயம்.

அடுத்த சுற்று வருவதற்குள் தம்பியே அந்தத் தெரிவில் ஒரு பிழை கண்டுபிடித்தான்: பதிவுகள் இருக்கிற மெமரி கார்டு நிரம்பியிருந்தால் நல்ல பதிவுகளுக்கு மேலேயே எழுதிவிடும். பார்த்தியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஏனென்றால் அதற்குள் பதிவுகளைத் தொலைத்த வாடிக்கையாளர் பொறுமை போய்க் கார்டை ஃபோர்மட் பண்ணிவிட்டார். அவருடைய கார்டு பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.