மண்ணில் பதியாத குதிகால்

கராத்தே எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் "கொஞ்ச நாளா போகல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்ட்டைத் தேடி எடுத்த அன்றுதான் அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு என்று உறைத்தது. பீரோவில் ஸ்வெட்டருக்கு அடியில், போன வருடம் பொங்கல் சமயத்தில் மடித்து வைத்தது அப்படியே கிடந்தது. கராத்தேயை விட்டுவிடலாம் என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. முதலில் முட்டி வலி, அது உண்மை. அப்புறம் மகளுக்குப் பத்தாம் வகுப்பு, அதுவும் உண்மை. அப்புறம் மழை. மழையெல்லாம் ஒரு காரணமா, மாடி நனைந்தால் ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுச் செய்யலாமே, ஆனால் அதற்குள் காரணம் தேடாமலே போகாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

இத்தனைக்கும் மகளைச் சேர்த்துவிடப் போய் நானும் சேர்ந்த கதைதான் என்னுடையது. அப்போது எனக்கு 35 வயது. அவள் இரண்டே வருடத்தில் மஞ்சள் பெல்ட்டோடு நிறுத்திக்கொண்டாள், நான் கருப்புக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வரை வந்துவிட்டேன்.

மாஸ்டர் ஏலகிரியில் சனி, ஞாயிறு கேம்ப் என்று குரூப்பில் போட்டபோது பார்க்காதது போல இருந்தேன். இரவு தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "வாங்கம்மா, முட்டி வலிச்சா ஓரமா நில்லுங்க, ஆனா வந்து நில்லுங்க." அவ்வளவுதான். திட்டியிருந்தால் போகாமல் இருந்திருப்பேன்.

ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து வேன். மலைமேல் போக 14 கொண்டை ஊசி வளைவுகள், புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயருமாக ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் கத்திக்கொண்டே வந்தார்கள். பாரி வளைவில் ஒரு பையன் காலையில் சாப்பிட்ட பொங்கலை எல்லாருக்கும் வாரி வழங்கினான்.

முதல் நாள் பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். சாயங்காலம் குமிதேயில், அதாவது இருவர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சியில், ஒரு காலேஜ் பையனோடு ஜோடி. ஐந்து அடி அவன் முன்னால் வந்து குத்த நான் பின்னால் போய்த் தடுக்க வேண்டும். "ஆன்ட்டி, மெதுவா வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு இரவு கையெல்லாம் அயோடெக்ஸ் தடவிக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் மாஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இருந்த கராத்தே பாரிஸில் ஏன் இல்லை என்று துளைத்தெடுத்தார்கள். நான் பாதியிலேயே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்குத்தான் விஷயம் நடந்தது. இரவு தூறியதில் மைதானத்து மண் ஈரமாக இருந்தது. பஸ்ஸாய் டாய் மாதிரி பெரிய கட்டா (வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) ஏதாவது செய்யச் சொல்வார் என்று மனதுக்குள் அசைவுகளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஆளுக்கொரு கூழாங்கல் எடுத்துக் காலடியில் வைக்கச் சொன்னார். ஹெயான் ஷோடான் என்றார். முதல் கட்டா. வெள்ளை பெல்ட் பிள்ளைகள் செய்வது. 21 அசைவுகள். ஒழுங்காகச் செய்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும், அதற்குத்தான் கல்.

நான் முடித்தபோது கல் எனக்கு ஒன்றரை அடி பின்னால் கிடந்தது.

இன்னொரு முறை செய்தேன். இந்தத் தடவை பக்கவாட்டில் விலகியிருந்தேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் வந்து, நான் கடந்து வந்த வழியைக் கையிலிருந்த குச்சியால் காட்டினார். "மண்ணைப் பாருங்கம்மா." பார்த்தேன். முன்னங்கால் தடம் முழுதாக இருந்தது. பின்னங்காலுக்கு விரல்களும் முன்பாதமும் மட்டும், குதிகாலே இல்லை. ஓய்சுகி, அதாவது அடியெடுத்து முன்னால் வந்து குத்தும் குத்து மூன்று, தடுப்பு மூன்று, எல்லாவற்றிலும் அப்படியே. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பச்சை பெல்ட் சிறுமியின் தடங்கள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன, அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் செய்யும் ஷோட்டோகான் கராத்தே முறையில் குத்து கையிலிருந்து வருவதில்லை. பின்னங்கால் நேராகி, குதிகால் தரையை அழுத்தி, அந்த உந்தல் இடுப்புத் திரும்புவதில் ஏறி, கடைசியில்தான் முஷ்டிக்கு வருகிறது. குதிகால் தூக்கினால் பாதி பலம் அங்கேயே ஒழுகிவிடும். இது எனக்குத் தெரியாததில்லை, எத்தனை வெள்ளை பெல்ட்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! வீட்டில் எப்போதாவது செய்ததெல்லாம் டைல்ஸ் தரையில். டைல்ஸ் எதையும் காட்டிக்கொடுக்காது. அதோடு பின்கால் தூக்கினால் அடி எட்டி வைக்க சுலபம், முட்டிக்கும் நோகாது, பார்க்கிறவர்களுக்கும் வேகமாகத் தெரியும். எனக்கே வேகமாகத்தான் தெரிந்தது.

மாஸ்டர் சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிந்தது, இல்லை, முன்பே சொல்லியிருக்கிறார், அன்றுதான் காதில் விழுந்தது. ஹெயான் கட்டாக்களை உருவாக்கியவர் ஒகினாவாவின் அன்கோ இதோசு, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காக. அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி, 1922இல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைச் செய்து காட்டியவர், அவரே அதற்கு முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் என்று கணக்காம். பெல்ட்டெல்லாம் பிறகு வந்தது, ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டது. ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலில் கருப்பு பெல்ட் கொடுத்ததே 1924இல்தான். நானோ அடுத்த பெல்ட் தேர்வில் கருப்பு வாங்கிவிடலாமா என்று பஸ்ஸாய் டாய் யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தவள்.

அதன்பிறகு மற்றவர்கள் அடுத்த கட்டாவுக்குப் போனார்கள், நான் ஓரமாக ஓய்சுகி மட்டும். எண்ணிக்கையை நானே இச்சி, நி, சான் என்று சொல்லிக்கொண்டு, பத்து அடி போவது, திரும்பிப் பார்ப்பது, மீண்டும் பத்து. குதிகால் பதிந்தால் அடி குட்டையாகிறது. அடியை நீட்டினால் குதிகால் எழும்புகிறது. இரண்டும் சேர்ந்து வரக் கெண்டைக்காலின் பின்பக்கம் நீள வேண்டும், அது ஒன்றரை வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து சுருங்கிக் கிடக்கிறது. வெயில் ஏறி மண் காயும்வரை செய்தேன். கடைசி வரிசையில் பத்துக்கு நான்கு குதிகால் பதிந்திருந்தது. மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

கிளம்பும்போது நான் சபதமெல்லாம் எடுக்கவில்லை. போன தடவை எடுத்த சபதம் பீரோவில் ஸ்வெட்டருக்கு அடியில் போனது எனக்குத் தெரியும். தினமும் காலை இருபது நிமிடம், ஹெயான் ஷோடான் மட்டும், பஸ்ஸாய் டாய் பக்கமே போவதில்லை என்று வேனில் வரும்போது நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. 21 நாளில் நான்கு நாள் போகவில்லை, அதில் இரண்டு நாள் வெறும் சோம்பல். எங்கள் மாடியில் ஈரமண் கிடையாது, சிமெண்ட் தளம். அதனால் சமையலறையிலிருந்து ஒரு கை கோலமாவை எடுத்துப் போய்ப் பரப்பிவிட்டு அதன்மேல் செய்கிறேன். தடம் நன்றாக விழுகிறது. நேற்று துணி காயப்போட மேலே வந்த மாமியார், "மாடியில யாரு இப்படிக் கோலமாவைக் கொட்டி மிதிச்சு வச்சிருக்கிறது?" என்று கீழே நோக்கிக் கத்தினார். நான்தான் என்று விளக்கிச் சொல்லி, குதிகால் தடத்தையும் காட்டினேன். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இடது கால் சரியாப் பதியலையே" என்றார்.