பச்சை மனிதன் எத்தனை வினாடி ஒளிர வேண்டும்?

44, 48 ஆகிய இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் சாலையைப் பற்றிய பேச்செல்லாம் வண்டிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, சந்தைக்கும் அரசு மருத்துவமனைக்கும் நடந்து செல்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நடப்போருக்கான சிக்னலில் பச்சை மனிதன் ஒளிர்வது, கடக்கத் தொடங்கலாம் என்பதற்காக. அது மின்னத் தொடங்கினால் ஓட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், ஓரத்தில் நிற்பவர் இனி இறங்கக் கூடாது, ஏற்கெனவே இறங்கியவர் நிதானமாகக் கடந்து முடிக்கலாம் என்பதே அதன் பொருள். அந்த மின்னும் நேரத்தைச் சாலையின் அகலத்தை நடைவேகத்தால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். வழக்கமாகக் கொள்ளப்படும் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். அதன்படி 14 மீட்டர் அகலமுள்ள நான்கு வழித்தடச் சாலைக்கு ஏறத்தாழ 12 வினாடி போதும்.

ஆனால் மூட்டுவலியோடு, தலையில் கூடையும் சுமந்து, வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு பாட்டி அந்த 12 வினாடியில் பத்து மீட்டரைக்கூட எட்டியிருக்க மாட்டார்; ஒரு வழித்தடத்துக்கும் அதிகமான தூரம் மீதமிருக்கையில், எதிரே நிற்கும் லாரிக்குப் பச்சை விழுந்துவிடும். அவருக்குத் தேவை 17 வினாடிக்கும் சற்று அதிகம். அமெரிக்காவில் சிக்னல்களுக்கும் சாலைக் குறியீடுகளுக்குமான 2009ஆம் ஆண்டுக் கையேட்டில், வினாடிக்கு 4 அடி என்றிருந்த கணக்கை 3.5 அடியாகக் குறைத்தது இத்தகையவர்களையும் எண்ணித்தான். இந்த ஐந்தாறு வினாடி வண்டிகளுக்கு எரிச்சலாக இருக்கலாம். அதைக் கொடுப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த ஆபத்து திரும்பும் வண்டிகள். தருமபுரி நான்கு ரோடு போன்ற சந்திப்பில், நேரே போகும் வண்டிகளோடு சேர்த்து நடப்போருக்கும் பச்சை கொடுத்தால், இடப்புறம் திரும்பும் பேருந்து அவர்கள் மீதே வந்து சேரும். இதற்குப் பல நகரங்களில் கையாளும் வழி மிக எளிது: வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 வினாடி முன்னதாகவே நடப்போருக்குப் பச்சை கொடுத்துவிடுகிறார்கள். வண்டி திரும்பும்போது அவர்கள் சாலையின் நடுப்பகுதிக்கு வந்து, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகத் தெரிகிறார்கள். புதிதாகக் கம்பம் நடவோ பள்ளம் தோண்டவோ வேண்டியதில்லை. சிக்னல் பெட்டியில் நேர அமைப்பை மாற்றினால் போதும்.

நிறுத்தக் கோட்டைத் தாண்டி, நடப்போர் கடக்கும் வரிக்கோடுகளின் மேலேயே வண்டியை நிறுத்துவதும் இதே பார்வைச் சிக்கலைத்தான் உண்டாக்குகிறது. உயரமான லாரியின் முகப்புக்கு ஒட்டி நடக்கும் சிறுவன், இருக்கையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குத் தெரிவதே இல்லை. அகன்ற சாலைகளில் நடுத்திட்டில் நின்று இளைப்பாற இடம் விட்டால், மெதுவாக நடப்பவர் ஒரே மூச்சில் முழு அகலத்தையும் கடக்க வேண்டியிராது; கம்பிவேலி போட்டு அடைத்துள்ள நடுத்திட்டுகளில் சிக்னலுக்கு நேரே ஒரு திறப்பையாவது வைக்க வேண்டும்.